புருஷன் கையெழுத்து

அத்தியாயம் 11

மூன்று மாதமாக இசக்கிசெல்வி ஒரு வரியை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மதுரைப் பயிற்சி வகுப்பில் கேட்ட வரி அது. கருவை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், பதினெட்டு முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்று போதும். புருஷன் கையெழுத்து வேண்டியதில்லை. சட்டம் வந்த நாளிலிருந்தே வேண்டியதில்லை.

வகுப்பில் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் எழுந்து நின்று, "நெசமாவே வேண்டியதில்லையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே அழுதாள்.

அவள் நாத்தனார் பத்திரகாளி செத்து எட்டு வருடம் ஆகிறது.

ரத்தமில்லாத உடம்பு பத்திரகாளிக்கு. மகள் பிரித்திகாவைப் பெற்றதிலேயே பாதி போய்விட்டாள். மறுபடி உண்டானபோது, இந்த உடம்பு இன்னொன்றைத் தாங்காது, எடுத்துவிடலாம் என்று சொன்னது டாக்டரம்மாதான். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு? அங்கே காகிதம் நிரப்புகிற இடத்தில் புருஷன் கையெழுத்து கேட்டார்கள். புருஷன் பூவனநாதன் ஆட்டுக் கிடையோடு போயிருந்தான். உரத்துக்காக ஊரார் காட்டில் ஆட்டை அடைக்கிற பிழைப்பு. இன்று ஒரு காடு, நாளைக்கு வேறு காடு. எந்த ஊரில் போய்த் தேடுவது?

கூட வந்திருந்தவன் அண்ணன் மாரிராஜ். இசக்கிசெல்வியின் புருஷன்.

"நீங்களே போட்டுருங்க அண்ணாச்சி. நான் என்ன, மொகத்தையும் பேரையும் ஒத்துப் பாக்கவா போறேன்?" என்று நர்ஸ் பேனாவை நீட்டினாள். நல்ல மனசில்தான் சொன்னாள்.

மாரிராஜ் பேனாவை வாங்கினான். 'கணவர் கையொப்பம்' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு மேலே கை போய் நின்றது. கூடப் பிறந்தவளின் காகிதத்தில், கணவர் என்ற எழுத்துக்குப் பக்கத்தில், தன் பெயரை எப்படி எழுதுவது? பொய்க்குக்கூட அந்தக் கை கூசியது. "மச்சானைக் கையோட கூட்டிட்டு வாரேன்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிடையைத் தேடிப் போனான்.

அவன் காடு காடாக அலைந்த நேரத்தில், யாரோ அடையாளம் சொன்ன, வீட்டிலேயே வைத்துக் கருவை எடுக்கிற ஒரு கைக்காரியைத் தேடி பத்திரகாளி போய்விட்டாள். கிடையைக் காணாமல் மாரிராஜ் திரும்பி வந்தபோது, வாசலில் ஊரே நின்றது.

"தானா கலைஞ்சு போச்சு மச்சான்" என்று பிறகு பூவனநாதனிடம் சொன்னவனும் அவன்தான். கலைஞ்சது என்பதற்கும் கலைச்சது என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம்? நாக்கு கொஞ்சம் புரண்டால் போதும். எட்டு வருடமாக அந்தக் குடும்பம் அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் குடியிருக்கிறது.

அன்றைக்குப் பிறகு மாரிராஜ் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. பத்தாவது பாஸானவன், மில்லில் சம்பளம் வாங்கும்போதும் ரேஷன் கடையிலும் கட்டை விரலை உருட்டுகிறான். 'பத்தாங்கிளாஸ் கைநாட்டு' என்று மில்லில் பட்டப்பெயரே உண்டு. ஏன் என்று கேட்டால், "கழுகுமலை முருகனுக்கு நேர்த்திக்கடன்" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான்.

அந்தக் கையெழுத்தே தேவையில்லாதது என்று தெரிந்தால் அவன் பாரம் குறையுமா, கூடுமா? கேட்டவர்கள் செய்தது தப்பு, என்மேல் இல்லை என்று மூச்சு விடுவானா? இல்லை, ஒன்றுமில்லாத ஒன்றுக்காகவா தங்கச்சியை விட்டுவிட்டு சைக்கிள் மிதித்தேன் என்று இடிந்து உட்கார்ந்துவிடுவானா? இசக்கிசெல்விக்குத் தெரியவில்லை. தெரியாததால் சொல்லவில்லை.

○

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்தே தூறல். ஐப்பசி பிறந்ததும் வானம் கரிசல் காட்டுக்கு மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

"ஏட்டி செல்வி, இன்னைக்கு டெல்லிக்காரன் வாரானாம்லா?" குழாயடியில் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் வாயைக் கிளறினாள்.

"வாராரு மதினி. நம்ம ஊருக்கு இல்ல, அடுத்த ஊருக்கு."

"வயித்துக் கணக்கு எடுக்கத்தான? என் வயித்தையும் எழுதிக்கிடச் சொல்லு. விடிஞ்சதுலருந்து ஒரு வாய் காப்பித்தண்ணி போகலன்னு எழுது."

குழாயடி முழுக்கச் சிரித்தது. இசக்கிசெல்வியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் நான்கு கேள்வி வரும்.

ஊர் வைத்த பெயர்தான் வயித்துக் கணக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். கருவை எடுக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு இனி மாவட்டத்திலேயே அனுமதி கொடுத்துவிடலாம், பக்கத்திலேயே நல்ல வைத்தியம் கிடைக்கும், பெண்கள் கைக்காரிகளிடம் போகமாட்டார்கள் என்று எண்ணம். அப்படி நடக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் ஆராய்ச்சி; அந்தக் கேட்கிற வேலைதான் இசக்கிசெல்விக்கு. டெல்லியில் ஒரு டிரஸ்ட் அதற்குப் பணம் கொடுக்கிறது. முதல் கட்டம் முடிந்துவிட்டது. அடுத்த கட்டத்துக்குக் கொடுக்கலாமா, நிறுத்திவிடலாமா என்று நேரில் பார்க்க ஆள் வருகிறார்.

போன வாரம் சபிதா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். பாளையங்கோட்டைப் பெண், வேலையை மேற்பார்வை பார்ப்பவள், இசக்கிசெல்வியைவிட வயதில் சின்னவள். மதுரையில் அழுத காரணம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அக்கா, மாரிராஜ் அண்ணன் வாயால நடந்ததை ஒரு தடவை கேட்டாங்கன்னா, வாரவங்களுக்கு இங்க என்ன நடக்குதுன்னு புரிஞ்சிரும்."

"வேண்டாம் சபிதா. அவியள விட்டுரு."

சபிதா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறவர்களுக்குத்தான் மனிதர்கள் கடன்பட்டுப் போகிறார்கள்.

○

வந்தவர் டாக்டர் ஹரிகிருஷ்ணன். அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து டெல்லியில் நரைத்தவர். ஜீப்பில் முன்சீட்டு வேண்டாம் என்று சொல்லிப் பின்னால் வந்து, இவர்களோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டார்.

"உங்க அறிக்கையைப் படிச்சேன் சபிதா. எந்த வீட்டுல கேட்டாலும் 'கருக்கலைப்பா? எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் நடக்கலை'ன்னு பதில் வந்திருக்கு. எங்க போர்டு இதைப் பார்த்தா என்ன சொல்லும்? இந்தப் பக்கத்துல பிரச்சினையே இல்லை, பணத்தை வேற மாவட்டத்துக்குக் கொடுங்கன்னு சொல்லும்."

"சார், இங்க யாரும் கலைக்கிறதில்ல" என்றாள் சபிதா. "எல்லாருக்கும் தானா கலையுது."

அவர் தலையை ஆட்டினார். "புரியுது. ஆனா அதை எப்படிக் காட்டுறது?"

சபிதா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள். இசக்கிசெல்வியைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே மழையைப் பார்த்தாள். அப்படிப் பார்க்காமல் இருப்பதுதான் இசக்கிசெல்விக்கு வலித்தது.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் பிடித்ததை விடாது. காலில் கிடக்கிற செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அன்று ஜீப்பைப் பிடித்துக்கொண்டது. பிடித்த இடம் வேறெங்குமில்லை, இசக்கிசெல்வியின் தெருமுனை.

முதல் ஷிப்ட் முடிந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டி.வி.எஸ்.ஸில் வந்த மாரிராஜ் வண்டியை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினான்.

"ஏலே, சும்மா தள்ளாதீங்கலே. ஆட்டி ஆட்டித் தள்ளுங்க" என்று தெருப் பையன்களை அதட்டிக்கொண்டே பின்னால் வந்தவன், உள்ளே எட்டிப் பார்த்தான். "ஏட்டி, நீயும் உள்ளதான் இருக்கியா? எறங்கு, எறங்கு. பாதிக் கனம் கொறையட்டும்."

தெருவே சிரித்தது. ஹரிகிருஷ்ணனும் சிரித்துவிட்டு, முதல் ஆளாகச் சேற்றில் இறங்கினார். அவருடைய ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

ஜீப் அசையவில்லை. டிராக்டர் கொண்டுவர ஆள் போனது.

"அண்ணாச்சி, டிராக்டர் வர நேரமாகும். வீடு இந்தா இருக்கு. நனையாம வந்து ஒரு வாய் காப்பி குடிங்க" என்றான் மாரிராஜ்.

இசக்கிசெல்வி சபிதாவைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த மனிதரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

○

கருப்பட்டிக் காப்பியும், தட்டில் நான்கு கடலைமிட்டாயும் வைத்தாள். சுவரில் பத்திரகாளியின் படம். ஹரிகிருஷ்ணன் அதை ஒருமுறை பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"இவ என்ன வேலைக்குப் போறான்னு எனக்கே முழுசாத் தெரியாது அண்ணாச்சி" என்றான் மாரிராஜ். "கேட்டா 'பொம்பளைக சமாச்சாரம்'னு வாய மூடிக்கிடுவா. ஊரானா வயித்துக் கணக்குன்னு சிரிக்குது. என்னதான் கணக்கு?"

ஹரிகிருஷ்ணன் சொன்னார். கஷ்டமான சொல் எதுவும் இல்லாமல், ஒளிக்காமலும் சொன்னார். கருவை எடுக்க வேண்டி வருகிற பெண்கள் எங்கே போகிறார்கள், ஆஸ்பத்திரியில் என்ன கேட்கிறார்கள், ஏன் திரும்பி வந்துவிடுகிறார்கள், வந்தபின் என்ன ஆகிறார்கள்.

மாரிராஜ் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். வெளியே ஓட்டு விளிம்பிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆம்பளைககிட்டயும் கேப்பியளா?"

"சொல்ல விருப்பம் இருந்தா."

"அப்ப என்கிட்ட கேளுங்க."

"இங்க பாருங்க" என்றாள் இசக்கிசெல்வி அடுப்படியிலிருந்து. "ஷிப்ட் முடிச்ச அலுப்பு. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"இருக்கட்டும்டி."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். ஊருக்குள் யாரிடமும் இறக்கிவைக்க முடியாததை, நாளைக்கு இந்த ஊரில் இருக்கப்போகாத ஒருவரிடம் இறக்கிவைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. எட்டு வருடமாக அப்படி ஒரு ஆள் இந்த வாசலுக்கு வரவில்லை. ஜீப்பைப் பிடித்த மண் அவனையும் சேர்த்துத்தான் பிடித்திருக்கிறது.

சபிதா பையைத் திறந்து, மனசில்லாமல் சம்மதக் காகிதத்தை எடுத்தாள். கேள்வி கேட்பதற்கு முன்னால் யாராக இருந்தாலும் அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். மாரிராஜ் கட்டை விரலைத் துண்டில் துடைத்தான்.

"மை இருக்கா தாயி?"

சபிதா மைப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கையில், அவன் கண் வரிவரியாகக் காகிதத்தின் மேல் இறங்கியது. உதடு லேசாக அசைந்தது. ஹரிகிருஷ்ணன் கவனித்துவிட்டார்.

"நல்லா வாசிக்கிறீங்களே. கையெழுத்தே போடலாமே?"

"நேர்த்திக்கடன்" என்றான் மாரிராஜ், பழக்கத்தில். பிறகு விரல் காகிதத்தின் அடியில் போய் நின்றது. "இங்கன ஒரு கோடுதான போட்டிருக்கு?"

"ஆமா."

"வீட்டுக்காரி போட வேண்டாமா? குடும்பத்து விஷயம்லா."

"வேண்டாம். சொல்லப்போறது நீங்க. உங்க சம்மதம் போதும்."

மாரிராஜ் சிரித்தான். சிரிப்பு மாதிரி ஒன்று. "அப்படின்னா ஆம்பளைக்கு ஒரு கோடு, பொம்பளைக்கு ரெண்டு கோடு. என்ன அண்ணாச்சி?"

"இல்லையே, பொம்பளைக்கும்…"

சபிதாவின் கை அவசரமாக எழும்பியது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், அப்புறம் அடுப்படி வாசலில் நின்ற இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்தார். அப்படியே நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தியது போதாது. மாரிராஜ் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"செல்வி."

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொம்பளைக்கும்னு அண்ணாச்சி எதையோ சொல்ல வந்தாவ. நீ சொல்லு."

இனி விழுங்க இடமில்லை.

"பொம்பளைக்கும் ஒரு கோடுதான்."

"ஆஸ்பத்திரியிலயுமா?"

"ஆஸ்பத்திரியிலயும். பத்திரகாளி கையெழுத்து மட்டும் போதும். புருஷன் போட வேண்டாம். அண்ணன் போட வேண்டாம். அப்பவே சட்டம் அப்படித்தான் இருந்திருக்கு. அவிய கேட்டது தப்பு. உங்க மேல…"

'ஒண்ணும் இல்ல' என்று முடிக்கப்போனாள். அவன் முகத்தைப் பார்த்ததும் முடிக்கவில்லை.

மழை வலுத்தது, தணிந்தது. காப்பி ஆறிப்போனது. தெருமுனையில் டிராக்டர் உறுமுகிற சத்தம் கேட்டது, அதற்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. சில மௌனங்களைக் கலைக்கிறவன் பாவம் செய்தவன் ஆகிவிடுவான் என்பது போல நான்கு பேரும் அப்படியே இருந்தார்கள்.

"ஒனக்கு எப்பருந்து தெரியும்?" என்றான் மாரிராஜ்.

"ஆடியிலருந்து."

அவன் தலையாட்டினான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவளுக்கு எழுத்து நல்லாருக்கும்" என்றான், படத்தைப் பார்த்துக்கொண்டு. "என் எழுத்தக் கோழிக்கிறுக்கல்னு சிரிப்பா. பள்ளிக்கூடத்துல என் நோட்டு அட்டைக்கெல்லாம் பேரு எழுதிக் குடுத்தது அவதான்."

நிறுத்தினான்.

"நான் பேனாவ வச்சுக்கிட்டு நிக்கேன் அண்ணாச்சி. கை எட்டுற தூரத்துல, பெஞ்சுல அவ உக்காந்திருக்கா. என்னையத்தான் பாத்துக்கிட்டிருக்கா. அந்தப் பேனாவ அவகிட்ட குடுக்கணும்னு எனக்குத் தோணலை. நர்ஸுக்குத் தோணலை. 'கொண்டா அண்ணே, நான் போடுதேன்'னு கேக்கணும்னு அவளுக்கும் தோணலையே."

ஹரிகிருஷ்ணன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரிராஜ் சபிதாவிடம் கையை நீட்டினான். அவள் மைப்பெட்டியைக் கொடுத்தாள். அவன் அதை ஒதுக்கிவிட்டு, அவள் விரல்களுக்கு நடுவிலிருந்த பேனாவை எடுத்தான். காகிதத்தின் மேல் குனிந்தான். எட்டு வருடம் எழுதாத கை. ஒவ்வொரு எழுத்தாக, சிலேட்டில் எழுதுகிற பிள்ளை மாதிரி அழுத்தி எழுதினான். எழுதி முடித்துப் பேனாவைக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தான். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தான்.

"எங்க போறீய?" இசக்கிசெல்வி வாசலை மறித்தாள்.

"மச்சான் கிடை கயத்தாறுப் பக்கம் கெடக்காம். தீபாவளிக்குப் பிள்ளைக்குத் துணி எடுத்துக்கிட்டு அவன் இங்க வாரதுக்கு முன்னால, நான் அங்க போயி நிக்கணும்."

"இந்த மழையில கிடையை எங்கன்னு போயித் தேடுவீய?"

"அன்னைக்குத்தான் கண்டுபிடிக்க முடியலை" என்றான் மாரிராஜ்.

அவள் விலகி நின்றாள். டி.வி.எஸ். சத்தம் சேற்றில் திக்கித் திக்கிப் போய், மழைக்குள் கரைந்தது.

○

காகிதத்தை முதலில் பார்த்தவள் சபிதா. பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையொப்பம் என்ற இடத்தில் மாரிராஜ் என்று இல்லை. பத்திரகாளி என்று இருந்தது.

ஹரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி பார்த்தார்.

"இது செல்லாதும்மா" என்றார், யாரையும் பார்க்காமல். "அவர் சம்மதிச்சதா இதுக்கு அர்த்தம் கிடையாது. அவர் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நான் எழுதிக்கக் கூடாது. டெல்லியில போய் யார்கிட்டயும் சொல்லவும் கூடாது."

"சார், நீங்க தேடி வந்ததே இதைத்தானே?" என்றாள் சபிதா.

"ஆமா."

"அப்ப அடுத்த கட்டம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடக்கினார்.

"கேள்வியை மாத்துங்க சபிதா. கலைச்சீங்களா, கலைஞ்சுதான்னு ஆரம்பிக்காதீங்க. ஆஸ்பத்திரியில உங்ககிட்ட யாரோட கையெழுத்து கேட்டாங்கன்னு ஆரம்பிங்க. அதை வச்சுப் பணம் கேட்டு நான் எழுதிப் பார்க்கிறேன். கிடைக்கும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். சட்டத்தைத் திருத்தினதால என்ன மாறிச்சுன்னு பார்க்கப் பணம் கொடுக்கிறவங்க இருக்காங்க. திருத்துறதுக்கு முன்னாடி இருந்த சட்டமே இன்னும் ஊர் வந்து சேரலைன்னா அதை யார் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியலை."

அவர் காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்து இசக்கிசெல்வியிடம் கொடுத்தார்.

"இது எங்க ஃபைல்ல இருக்கக் கூடாது. உங்க வீட்டுல இருக்கட்டும்."

டிராக்டர் ஜீப்பை இழுத்துவிட்டிருந்தது. ஒரு செருப்போடு வந்தவர், ஆவுடைத்தாய் கழுவிக் கொண்டுவந்து கொடுத்த இன்னொரு செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். "வயித்துக் கணக்கு முடிஞ்சுதாடி?" என்று கேட்க வந்த ஆவுடைத்தாய், இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனாள்.

இசக்கிசெல்வி அந்தக் காகிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் பத்திரகாளியின் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

○

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிரித்திகா நனைந்த சடையை அவிழ்த்துவிட்டு, கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. அம்மா போனதிலிருந்து மாமா வீட்டில்தான் வளர்கிறாள். நெற்றியும் காதும் அப்படியே பத்திரகாளி.

"மாமா எங்க அத்தை?"

"வெளிய போயிருக்காவ."

மழைக்கு இருட்டு சீக்கிரமே வந்துவிட்டது. வாசலில் யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்துச் சேற்றை வழிக்கிற சத்தம் கேட்டது. இசக்கிசெல்வி ஓடி வந்தாள். வந்தவன் மாரிராஜ் இல்லை.

தோளில் கருப்புக் கம்பளி, கையில் பிளாஸ்டிக் பை. பூவனநாதன்.

"யப்பா!" பிரித்திகா பாய்ந்து பையைப் பிடுங்கினாள்.

"மெதுவாட்டி, புதுத்துணி. நனைஞ்சிரும்." அவன் கம்பளியை உதறிவிட்டுச் சிரித்தான். "கிடையக் கூட்டாளிகிட்ட விட்டுட்டு வந்துட்டேன் தங்கச்சி. தீபாவளிக் கூட்டத்துல பஸ் கெடைக்குமோ கெடைக்காதோன்னு இன்னைக்கே ஏறிட்டேன். மச்சான் எங்க, ஷிப்டுக்குப் போயிருக்காரா?"

"அண்ணே… வழியில அவியளப் பாக்கலையா?"

"பஸ்ஸுக்குள்ள இருந்தா என்னத்தப் பாக்க? ஏன், எங்க போயிருக்காரு?"

இசக்கிசெல்வி பதிலைத் தேடுவதற்குள், திறந்திருந்த கதவு வழியாக ஈரக் காற்று ஒன்று வீசி உள்ளே சுற்றியது. பத்திரகாளியின் படம் சுவரில் அடித்துக்கொண்டது. பின்னாலிருந்த காகிதம் நழுவித் தரையில் விழுந்து, பூவனநாதனின் காலடியில் வந்து நின்றது.

எழுத்துத் தெரியாதவர்களுக்கே உரிய பயபக்தியோடு அவன் குனிந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து எடுத்தான். தலைகீழாகப் பிடித்தபடி பார்த்தான்.

"அச்சு எழுத்துக்கு நடுவுல ஒண்ணு மட்டும் பெருசா எழுதியிருக்கே. என்ன தாயி இது, வாசி."

பிரித்திகா காகிதத்தை நேராக்கினாள்.

"கையொப்பம்னு அச்சுல போட்டிருக்குப்பா. அதுக்கு மேல…" அவள் நிமிர்ந்தாள். "அம்மா பேரு எழுதியிருக்கு."

பூவனநாதனின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அந்த நீல எழுத்துகளை விரலால் தொடப் போனான். ஈரக்கை என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டான்.

"அவ எழுதி நான் பாத்ததே இல்லையே தாயி."

"அத்தை," என்றாள் பிரித்திகா, "அம்மாகிட்ட எதுக்குக் கையெழுத்து வாங்குனாவ?"

கயத்தாறு ரோட்டில் எங்கோ ஒரு டி.வி.எஸ்., இல்லாத ஒருவனைத் தேடிக் காடு காடாகப் போய்க்கொண்டிருக்கும். அவன் சொல்லவேண்டியதை அவன்தான் சொல்லவேண்டும். ஆனால் கேட்கிறவள் பிள்ளை. பொய் சொல்ல இசக்கிசெல்விக்கு வாயில் இடமில்லை.

"வாங்கலை தாயி" என்றாள். "யாருமே வாங்கலை."

பூவனநாதன் காகிதத்திலிருந்து மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.